குட்டை ஆர்க்கிட்டின் நெட்டைக் கதை



செமஸ்டர் முடிந்துவிட்டது. ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு விஷயத்தை இப்போதுதான் எழுத முடிகிறது. தலைப்பைப் பார்த்து "இவன் எதுக்கு தோட்டக்கலை பக்கம் போனான்?" என்று கேட்காதீர்கள். இது தோட்டக்கலை இல்லை, வரலாறுதான். ஒரு பூந்தொட்டிக்குள்ளே இருக்கும் வரலாறு.

அக்கா நிச்சயதார்த்தத்துக்கு ஒரு உறவினர் ஆர்க்கிட் தொட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைப் பூ, நடுவில் லேசாக மஞ்சள். பார்க்க வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெயர் ஃபெலனாப்சிஸ். பூந்தண்டு ஒண்ணரை ஜாண்தான் இருக்கும். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தியது. எங்கள் வீடு காசிமேட்டில், மீன் மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஹால் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். அந்த ஹாலில் ஒண்ணரை ஜாண் செடிதான் வைக்க முடியும்.

ரெண்டரை மாதம் பூ இருந்தது. அப்புறம் உதிர்ந்தது. அம்மா தூக்கிப்போடச் சொன்னாள். ஆயாதான் "உசுரு இருக்குது, இருக்கட்டும்" என்று ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தார். அடுத்த மார்கழியில் அதிசயமாகப் புதுத் தண்டு ஒன்று வந்தது. வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. முழ உயரம் தாண்டி, ஜன்னல் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, தொட்டியையே சாய்த்துவிட்டது. ஆயா அதையே பார்த்துவிட்டு கேட்டார்:

"ஏன்டா, இது அதே செடிதானா? யாருனா மாத்தி வச்சிட்டாங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

செடி மாறவில்லை, மருந்து தீர்ந்திருக்கும்

முதலில் சின்ன விளக்கம். கடையில் விற்கிற தொட்டிச் செடிகளில் பலவற்றுக்கு, நர்சரியில் இருக்கும்போதே ஒரு வகை ரசாயனம் கொடுப்பார்கள். வளர்ச்சி ஒடுக்கி என்று சொல்லலாம். செடி சாகாது, பூவும் குறையாது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மட்டும் குறுகிவிடும். இலை கரும்பச்சையாக இருக்கும். செடி குண்டாக, அடர்த்தியாக, "க்யூட்"டாக இருக்கும்.

இது போன்சாய் இல்லை. போன்சாயில் கிளையை வெட்டி, வேரை வெட்டி, கம்பி கட்டி, வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். இங்கே ஒரு தடவை தெளித்தால் போதும். அந்த மருந்தின் வேலை முடிந்ததும் புதிதாக வருகிற தளிர் தன் சொந்த உயரத்துக்குப் போய்விடும். (எங்கள் வீட்டில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் தேடியும் செடி நீளும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.) எங்கள் தொட்டிக்கு மருந்து கொடுத்தார்களா இல்லையா என்று லேபிளில் ஒரு வரி கூட இல்லை. கட்டுரையின் கடைசியில் இந்த லேபிள் விஷயத்துக்குத் திரும்ப வருவேன்.

கதை தொடங்குவது நெல் வயலில்

பூந்தொட்டியின் கதை நெல்லில் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? பிளஸ் டூ தாவரவியலில் ஒரே ஒரு பத்தியாகப் படித்துவிட்டு மறந்திருப்போமே, "பக்கானே நோய்", அதுதான்.

ஜப்பானிய விவசாயிகள் நெல் நாற்றில் ஒரு விசித்திரத்தைப் பார்த்துவந்தார்கள். சில நாற்றுகள் மட்டும் மற்றதைவிட மடமடவென்று உயரமாகப் போகும். வெளுத்து, மெலிந்து, கடைசியில் சாய்ந்து சாகும், அல்லது கதிர் பிடிக்காது. அந்த நாற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் பக்கானே. முட்டாள் நாற்று என்று அர்த்தம். 1898-ல் ஹோரி என்பவர் இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று காட்டினார். 1926-ல் தைவானில் வேலை பார்த்த எயிச்சி குரோசாவா இன்னொரு படி மேலே போனார். பூஞ்சையை வளர்த்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சையே இல்லாமல் அந்தத் தண்ணீரை மட்டும் நாற்றுக்குக் கொடுத்தார். அப்போதும் நாற்று நெட்டையானது! ஆக, பூஞ்சை ஏதோ ஒரு பொருளைக் கக்குகிறது, அதுதான் நாற்றை இழுத்து நீட்டுகிறது.

1935-ல் யாபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். 1938-ல் அவரும் சுமிக்கியும் அதைப் படிகமாகவே பிரித்து எடுத்தார்கள்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1931-ல் கே.எம். தாமஸ் என்ற தாவர நோய் அறிஞர், மதராஸ் மாகாணத்து நெல்லில் வந்த ஒரு புது நோயைப் பற்றி மதராஸ் வேளாண் இதழில் எழுதினார். இந்தியாவில் பக்கானே பற்றிய முதல் பதிவு என்று அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் நம்ம ஊரில் அது ஒரு பயிர் நோயாக மட்டும் நின்றுவிட்டது. ஜப்பானில் அது ஒரு ஹார்மோனாக ஆனது.

இரண்டாம் உலகப் போரினால் ஜப்பானிய ஆய்வுகள் மேற்கு நாடுகளுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. 1950களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. கம்பெனி விஞ்ஞானிகளும் அமெரிக்க வேளாண்மைத் துறையினரும் ஜிப்ரலிக் அமிலத்தைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். (ஐ.சி.ஐ. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.) 1956-ல் ஃபின்னி என்ற அமெரிக்கர், பிறவியிலேயே குட்டையான மக்காச்சோளச் செடிகளுக்கு ஜிப்ரலின் கொடுத்துப் பார்த்தார். சாதாரண உயரத்துக்கு வளர்ந்துவிட்டன! ஜிப்ரலின் பூஞ்சையின் விஷம் மட்டும் இல்லை, செடியே தனக்காகத் தயாரித்துக்கொள்ளும் ஹார்மோனும் அதுதான் என்பது புரிய ஆரம்பித்தது.

இப்போது தர்க்கத்தைத் திருப்பிப் போடுங்கள். ஹார்மோன் கூடினால் நெட்டை. அப்படியென்றால் ஹார்மோன் உற்பத்தியைத் தடுத்தால்?

குட்டை. அவ்வளவுதான் விஷயம்.

குட்டையாக்கும் மருந்துகள் வந்த வரிசை

வேடிக்கை என்னவென்றால், தடுக்கிற மருந்துகள் இந்தத் தர்க்கத்தை யோசித்துச் செய்யப்பட்டவை இல்லை. முதலில் மருந்து கிடைத்தது, அது எப்படி வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

1949-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் மிட்செல் என்பவரும் அவர் சகாக்களும், நிக்கோட்டினை ஒட்டிய சில சேர்மங்கள் அவரைச் செடியின் தண்டைக் குட்டையாக்குவதைக் கவனித்தார்கள். அடுத்த வருஷமே ஏ.எம்.ஓ. 1618 என்ற சேர்மம் வந்தது. 1960-ல் மிச்சிகனில் டோல்பர்ட் என்ற விஞ்ஞானி குளோர்மிக்வாட் குளோரைடு பற்றி எழுதினார். சைக்கோசெல், சி.சி.சி. என்றெல்லாம் நம்ம ஊர் விவசாயப் புத்தகங்களில் வருவது இதுதான். 1962-ல் டாமினோசைட் வந்தது. பூந்தொட்டிக்காரர்களிடம் அதற்கு பி-நைன் என்று பெயர், ஆப்பிள்காரர்களிடம் ஆலார் என்று பெயர்.

ஐரோப்பாவில் குளோர்மிக்வாட்டைக் கோதுமைக்கு அடித்தார்கள். காரணம் அழகு இல்லை. உரம் அதிகம் போட்டால் கோதுமை உயரமாக வளரும், காற்றடித்தால் சாயும். தாள் குட்டையாக இருந்தால் சாயாது. இதே பிரச்சினைக்கு நெல்லில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1966-ல் வந்த ஐ.ஆர். 8 குட்டை நெல் நம்ம தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குட்டைத்தனம் தைவான் பக்கத்து டீ-ஜியோ-வூ-ஜென் என்ற ரகத்திலிருந்து வந்தது. அதன் ரகசியம் 2002-ல்தான் உடைந்தது. ஜிப்ரலின் தயாரிக்கிற ஒரு மரபணு அதில் பழுதாகி இருக்கிறது! அதாவது, கோதுமையில் மருந்து செய்த வேலையை நெல்லில் மரபணு செய்தது. பசுமைப் புரட்சியின் குட்டை நெல்லும் எங்கள் வீட்டுக் குட்டை ஆர்க்கிட்டும் ஒருவகையில் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிகள்.

பூந்தொட்டிக்கு வருவோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கிற சிவப்பு இலை பாயின்செட்டியாவைப் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோவில் தரையில் விட்டால் அது ஆள் உயரத்துக்கு மேலே போகும் புதர். 1960களில் குளோர்மிக்வாட் வந்த பிறகுதான் அதை மேசை மேல் வைக்கிற அளவுக்கு அடக்கி, ஆயிரக்கணக்கில் ஒரே அளவாக வளர்க்க முடிந்தது. சாமந்திக்கு டாமினோசைட் அதே வேலையைச் செய்தது.

ஏன் குட்டையாக இருக்க வேண்டும்? வாங்குகிறவன் வீடு சின்னது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வண்டி. தொட்டிகளைத் தட்டுத் தட்டாக அடுக்கித்தான் லாரியில் ஏற்றுவார்கள். செடி உயரமானால் தட்டு குறையும், தட்டு குறைந்தால் ஒரு தொட்டிக்கான வண்டிக்கூலி ஏறும். தண்டு நீளமானால் வழியில் ஒடியும். ஐஸ் பெட்டியில் எத்தனை கிலோ அடங்கும் என்று கணக்குப் பார்த்தே பழகிய எங்கள் ஏரியாக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை :)

ஆர்க்கிட் எப்படி இதில் மாட்டியது?

ஆர்க்கிட் ஒரு காலத்தில் ராஜாக்கள் வீட்டுப் பொருள். 19-ம் நூற்றாண்டில் காட்டிலிருந்து பிடுங்கிக் கப்பலில் ஏற்றுவார்கள், பாதிக்கு மேல் வழியிலேயே செத்துப்போகும். அதன் விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கத் தேவையான உணவு உள்ளே இருக்காது. இயற்கையில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். (இங்கேயும் பூஞ்சை!) 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகர் கூழில் பூஞ்சை இல்லாமலேயே விதையை முளைக்க வைத்தார். 1960-ல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல், தண்டு நுனித் திசுவிலிருந்து ஆர்க்கிட்டைப் பெருக்கும் வழியைக் காட்டினார். ராஜா வீட்டுப் பூ பாட்டிலுக்குள் வந்தது. பிறகு நெதர்லாந்திலும் தைவானிலும் பெரிய கண்ணாடிக் கூடங்களுக்குள் தொழிற்சாலைச் சரக்காகவே மாறியது.

அதில் முதலிடம் பிடித்தது ஃபெலனாப்சிஸ். ஆனால் அதன் பூந்தண்டு நீளம். குச்சி கட்டி நிறுத்தினாலும் தலை கனத்துத் தொங்கும்.

டாமினோசைட்டை முயன்றார்கள், ஃபெலனாப்சிஸ் மசியவில்லை. இந்தக் கட்டத்தில்தான் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன ஐ.சி.ஐ. திரும்ப வருகிறது. பூஞ்சைக் கொல்லி தேடும் ஆராய்ச்சியில் டிரையசோல் என்ற குடும்பத்துச் சேர்மங்களை அந்தக் கம்பெனி கையாண்டுகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒன்று செடியைக் குட்டையாக்குவதில் கில்லாடி. அதுதான் பாக்லோபியூட்ரசால், 1980களில் சந்தைக்கு வந்தது. ஜிப்ரலின் தயாரிப்பில் நடுவில் வரும் ஒரு நொதியை அது அடைத்துவிடும். யோசித்துப் பாருங்கள்: பூஞ்சையிலிருந்து வந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்த அதே கம்பெனி, பூஞ்சையைக் கொல்லப் போன வழியில் அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்தையும் கண்டெடுத்தது. சினிமாவில் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம். ஜப்பானின் சுமிட்டோமோ கம்பெனி யூனிகோனசோல் என்று இதன் பங்காளி ஒன்றைக் கொண்டுவந்தது.

1994-ல் டெக்சாஸில் ஆய்வு செய்த வாங், ஷு என்ற இருவர் ஃபெலனாப்சிஸில் இந்த மூன்றையும் வைத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள். டாமினோசைட் தண்டைக் கட்டுப்படுத்தவில்லை. பாக்லோபியூட்ரசாலும் யூனிகோனசோலும் முதல் பூவுக்குக் கீழே உள்ள தண்டை நன்றாகக் குறுக்கின. இலையில் தெளித்தபோது பூவின் அளவு குறையவில்லை, எண்ணிக்கையும் குறையவில்லை. நடுவதற்கு முன் செடியை மருந்துக் கரைசலில் சில வினாடி முக்கி எடுத்தாலே, அடுத்து வரும் பூந்தண்டு குட்டையாக வந்தது. ஆனால் அளவு மீறினால் செடியே சுருங்கிப்போகும், பூ தள்ளிப்போகும்.

சில வினாடி முக்கினால், மாதங்கள் கழித்து வரும் தண்டில் தெரிகிறது. இந்த மருந்தின் பலமும் அதுதான், பயமும் அதுதான். சீக்கிரம் போகாது.

மாமரமும் ஆப்பிளும் திராட்சையும்

நம்ம நாட்டில் பாக்லோபியூட்ரசாலைப் பலர் அறிந்தது ஆர்க்கிட்டால் இல்லை, மாங்காயால். ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் ஏமாற்றும் அல்போன்சாவைக் கட்டுப்படுத்த, மகாராஷ்டிராவின் தாபோலியில் உள்ள கொங்கண் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகள் நடந்தன. மரத்தடியில் மண்ணில் ஊற்றினால் தளிர் விடும் வேகம் அடங்கும், பூ முன்னதாக வரும். இன்று தமிழ்நாட்டு மாந்தோப்புகளுக்கும் இது புதிதில்லை. மண்ணில் இது பல மாதங்கள் தங்கும், வருஷத்தைத் தாண்டியும் இருக்கலாம். அதனால் அளவும் இடைவெளியும் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

பூந்தொட்டியில் யாரும் பூவைத் தின்பதில்லை. பழத்துக்கு வந்ததும்தான் சண்டை ஆரம்பித்தது.

ஆலாரை அமெரிக்காவில் 1963-ல் அலங்காரச் செடிகளுக்கு அனுமதித்தார்கள், 1968-ல் ஆப்பிளுக்கும். ஆப்பிளில் அதன் வேலை குட்டையாக்குவது இல்லை. பழம் சீக்கிரம் உதிராமல், கெட்டியாக, சிவப்பாக மரத்திலேயே நிற்க வைப்பது. ஆனால் ஆப்பிளைச் சாறாகவோ கூழாகவோ சூடாக்கும்போது அது உடைந்து யு.டி.எம்.எச். என்ற பொருளாக மாறும். ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் சமாச்சாரம் அது, விலங்குச் சோதனைகளில் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு ஆளானது. 1989 பிப்ரவரி 26 அன்று "60 மினிட்ஸ்" டிவி நிகழ்ச்சியில் இது வந்தது. அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடங்கள் ஆப்பிளை நிறுத்தின. ஆலாரே அடிக்காத தோட்டக்காரர்களின் ஆப்பிளும் விற்கவில்லை. அந்த வருஷமே தயாரிப்புக் கம்பெனி உணவுப் பயிருக்கு ஆலார் விற்பதை நிறுத்தியது. ஆபத்து எவ்வளவு என்பதில் இன்றும் ரெண்டு கட்சி இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகம் இல்லை. அதே டாமினோசைட் அமெரிக்காவில் அலங்காரச் செடிகளுக்கு மட்டும் தொடர்கிறது. ஆப்பிளில் போனது, பூந்தொட்டியில் இருக்கிறது.

நம்ம கதை 2010. நாசிக் பக்கத்துத் திராட்சை விவசாயிகள் கொடியின் கொழுத்த வளர்ச்சியை அடக்கக் குளோர்மிக்வாட் அடித்து வந்தார்கள். இந்தியாவில் அது தடை இல்லாத மருந்து. ஐரோப்பாவில் அப்போது திராட்சைக்கு வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். ஏற்றுமதிக்கு முன் இங்கே பரிசோதிக்கும் மருந்துப் பட்டியலில் குளோர்மிக்வாட் பெயரே அப்போது இல்லை. சரக்கு கடல் தாண்டிப் போய், அங்கே பரிசோதித்தபோது மாட்டிக்கொண்டது. கண்டெய்னர்கள் துறைமுகத்தில் தேங்கின, விவசாயிக்கும் ஏற்றுமதியாளருக்கும் பெரிய அடி. பிறகுதான் பட்டியலில் அந்தப் பெயர் ஏறியது.

இன்னும் கிட்டத்தில் ஒன்று. அமெரிக்காவில் விளையும் பயிரில் குளோர்மிக்வாட்டை அலங்காரச் செடிகளுக்கு மட்டும் அனுமதித்திருந்தார்கள். 2018-ல் இறக்குமதி ஓட்ஸில் ஒரு அளவு வரை இருக்கலாம் என்றார்கள். 2024 பிப்ரவரியில் வெளியான ஒரு ஆய்வில், 96 பேரின் சிறுநீர் மாதிரிகளைப் பார்த்ததில் ஐந்தில் நாலு பேரிடம் அது இருந்தது. அளவு, அரசு வைத்த வரம்புகளுக்கு ரொம்பக் கீழேதான். ஆனால் அவர்களில் யாரும் அதைத் தெரிந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள் இல்லையா?

ஆயாவின் கூடை

இந்த மூன்று கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு 2018 ஞாபகம் வந்தது. மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று சென்னையில் செய்தி பரவிய நேரம். எங்கள் ஆயா அப்போது கூடையில் மீன் எடுத்துப்போய் விற்றுக்கொண்டு இருந்தார். விடியற்காலையில் படகிலிருந்து இறங்கிய மீன், இன்னும் கண் கூட மங்காத மீன். பத்து வருஷமாக வாங்குகிற வீட்டில் கூட "வேணாம் ஆயா, டிவில என்னென்னமோ சொல்றாங்க" என்று கதவைச் சாத்தினார்கள். ஆயாவுக்கு ஃபார்மலின் என்ற வார்த்தையே வாயில் நுழையாது. ஆனால் நஷ்டம் மட்டும் அவர் கூடையில். ரெண்டு வாரம் வீட்டில் தினமும் விற்காத மீன் குழம்பு.

ஆலார் அடிக்காத ஆப்பிள்காரரும், ஐரோப்பிய வரம்பு தெரியாத திராட்சை விவசாயியும், எங்கள் ஆயாவும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்து நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. அதை விஞ்ஞானிகள் அளந்து சொல்லட்டும். ஆனால் இந்த வரலாறு முழுக்க, அடி விழுந்ததெல்லாம் மருந்தைச் சொல்லாமல் விட்ட இடத்தில்தான். சொல்லாமல் விட்டால் ஒருநாள் வெளியே வரும். வரும்போது பயமாகத்தான் வரும். பயம் வந்தால் நல்ல சரக்கு, கெட்ட சரக்கு என்று பிரித்துப் பார்க்காது.

அதனால்தான் லேபிள். ஆர்க்கிட் தொட்டியில் "இச்செடிக்கு வளர்ச்சி ஒடுக்கி தரப்பட்டுள்ளது, அடுத்த பூந்தண்டு உயரமாக வரலாம்" என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? வாங்குகிறவன் ஏமாந்ததாக நினைக்க மாட்டான். தொட்டி மண்ணையும் மரப்பட்டையையும் கொண்டுபோய் மாடியில் கீரைத் தொட்டியில் கொட்ட மாட்டான். (தயவுசெய்து நீங்களும் கொட்டாதீர்கள். அந்த மருந்து தங்கும் என்று மேலே சொன்னேன்.) நர்சரியில் நாள் முழுக்கத் தெளிக்கிறவருக்குக் கையுறை வேண்டும் என்பதும் பேச்சுக்கு வரும். நம்ம பாஷையில் இதற்கெல்லாம் பொதுப்பெயரே "மருந்து" என்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. "மருந்து அடிச்சிட்டேன்" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்!

மருந்து இல்லாத குட்டை

மருந்து இல்லாமலும் குட்டையாக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1980களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணாடிக் கூடத்தில் பகலைவிட இரவைச் சூடாக வைத்தால் லில்லி போன்ற செடிகள் குட்டையாக வளர்வதைக் காட்டினார்கள். பிலிப்பைன்ஸின் ஃபெலனாப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ் போன்ற சிறிய இனங்களைக் கலந்து, பிறவியிலேயே குட்டையான ரகங்களையும் உருவாக்குகிறார்கள். அவை அடுத்த வருஷமும் குட்டையாகவே பூக்கும்.

இன்னொன்று காற்று. 1973-ல் ஜாஃபே என்ற விஞ்ஞானி, செடியைத் தினமும் தொட்டு உரசினாலே தண்டு குட்டையாகித் தடிப்பதை விளக்கினார். காற்றில் ஆடுகிற செடிக்கும் இதே கதிதான். இதைப் படித்துவிட்டு எங்கள் கடற்கரைப் பக்கம் போய்ப் பார்த்தேன். கடலைப் பார்த்து நிற்கும் மரங்கள் எல்லாம் உள்ளே இருப்பவற்றைவிடக் குட்டை, தடிமன். எங்கள் ஜன்னல் ஆர்க்கிட் சுவரின் மறைவில் இருந்ததால் அந்தக் காற்று படவில்லை.

அப்புறம் அந்த மார்கழி அதிசயம். ஃபெலனாப்சிஸுக்கு வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் பூந்தண்டு வராது. சென்னையில் வருஷத்தில் பெரும்பகுதி அதற்கு வாய்ப்பே இல்லை. மார்கழி, தை மாத இரவுகளில் மட்டும்தான் கொஞ்சம் இடம் கொடுக்கும். அந்தச் சின்ன இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் செடி தண்டு விட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் ஆயாவிடம் சொன்னேன். ஜப்பான், ஐ.சி.ஐ., ஆப்பிள், திராட்சை, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ முன்ன இருந்ததுதான் மருந்து, இப்ப இருக்கறதுதான் செடின்னு சொல்லு" என்றார். ரெண்டாயிரம் வார்த்தையில் நான் எழுதியதை ஒரே வரியில் முடித்துவிட்டார் :)

இப்போது ஜன்னல் கம்பியில் பழைய வலைக் கயிறால் அந்தத் தண்டைக் கட்டி வைத்திருக்கிறோம். ஏழு மொட்டு. டிவி பக்கத்தில் வைக்க முடியாது. பரவாயில்லை, ஜன்னலிலேயே இருக்கட்டும்.